ஈஸ்டருக்குப் பிறகும் தாடி

ஈஸ்டர் முடிந்து நான்கு நாளாகியும் நான் தாடியை எடுக்கவில்லை. ஏப்ரல் வெயிலில் தாடி வைத்தவனுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். கழுத்தெல்லாம் வேர்க்குரு. உட்கார்ந்தாலும் அரிக்கிறது, நின்றாலும் அரிக்கிறது. யாராவது கேட்டால் வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டுதல் என்று சொல்லி வைத்திருந்தேன். அது பொய். மாதா பேரில் பொய் சொல்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு காரணம் எதைச் சொன்னாலும் எங்கள் ரயில் பெட்டியில் விசாரணைக் கமிஷன் வைத்துவிடுவார்கள்.

எங்கள் பெட்டி என்றால், மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடிந்தும் விடியாததுமாகக் கிளம்புகிற ரயிலில் முன்னாலிருந்து மூன்றாவது. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் வீட்டில் இருந்த நேரத்தைவிட இந்த ரயிலில் இருந்த நேரம் அதிகம். பால்ராஜ் வீடு மாரிகுப்பம் ஸ்டேஷனை ஒட்டி. முதலில் ஏறுகிறவன் அவன்தான் என்பதால் எங்களுக்கெல்லாம் இடம் போட்டு வைப்பது அவன் பொறுப்பு. உரிகத்தில் ஏறும் எனக்கு ஜன்னலோரம் ஒரு நீலக் கட்டம் போட்ட துண்டு. ஆறு வருஷமாக அதே துண்டு, அதே ஜன்னல். ஒரு நாள் நான் வராமல் போனாலும் பங்காருப்பேட்டை வரைக்கும் அந்தத் துண்டின் மேல் யாரையும் உட்கார விடமாட்டான். "அண்ணா ஓடியாந்து ஏறும், இருங்க" என்பானாம்.

பால்ராஜும் ஜெயவேலுவும் நானும் பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரே கம்பெனி. காருக்குப் பிளாஸ்டிக் சாமான்கள் வார்க்கிற கம்பெனி. ஜெயவேலு டூல் ரூமில் ஃபிட்டர், பெர்மனெண்ட். நான் டைம் ஆபீஸ், அதாவது யார் வந்தார்கள், யார் வரவில்லை, எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று பார்க்கிறவன். பால்ராஜ் காண்ட்ராக்ட் ஆள். ஆறு வருஷமாகக் காண்ட்ராக்ட்.

இங்கேதான் விஷயம். எங்கள் கம்பெனியில் ஒரு காண்ட்ராக்ட் ஆள் ஒரு வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலைக்கு வந்துவிட்டால் பெர்மனெண்ட் லிஸ்டில் பேர் வரும். அதனாலேயே வரவிடமாட்டார்கள். இருநூற்று முப்பதை நெருங்கும்போது பத்து நாள் நிறுத்திவிட்டுப் புது ஆள் மாதிரி எடுப்பார்கள். பால்ராஜை அப்படி நான்கு தடவை நிறுத்தியிருக்கிறார்கள். இந்த வருஷம் ஆர்டர் அதிகம், ஆள் பற்றாக்குறை, நிறுத்த மறந்துவிட்டார்கள். நடுவில் டெங்குவில் படுத்ததைக் கழித்து, ஈஸ்டர் அன்றைக்கு அவன் கணக்கில் இருநூற்று முப்பத்து நான்கு நாள் இருந்தது. வருஷக் கணக்கு முடிவது அடுத்து வந்த சனிக்கிழமை. திங்கள் முதல் சனி வரை ஆறு நாளும் வந்தால் சரியாக இருநூற்று நாற்பது. ஒரு நாள் குறைந்தாலும் போச்சு.

அந்த வாரம்தான் மெஷின் அவனைத் தெரியாது என்று சொன்னது.

மெஷின் என்றால் முகம் பார்த்து ஆஜர் போடுகிற மெஷின். கேட்டில் ஒரு சின்னத் திரை, பக்கத்தில் சுழலும் இரும்புக் கம்பி. முகத்தைக் காட்டினால் ஒரு பெண் குரல் "தேங்க் யூ" என்று சொல்லும், கம்பி திறக்கும். அதைக் கொண்டுவர வேண்டுமென்று கம்பெனியில் ஆதரவாகப் பேசிய ஒரே கடைநிலை ஆள் நான்தான். எனக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் ரயில் லேட்டான ஒரு நாள், எங்கள் பெட்டிக்காரர்கள் ஏழு பேரை நேரத்துக்கு வந்ததாக ரெஜிஸ்டரில் எழுதிவிட்டேன். ஊர்ப்பாசம். மாட்டிக்கொண்டேன். மெமோ வந்தது. இன்னொரு மெமோ வந்தால் டைம் ஆபீஸிலிருந்து தூக்கிக் குடோனில் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். நாற்பத்தொன்பது வயதில், இந்த முதுகை வைத்துக்கொண்டு, குடோன்.

ஆகவே ரயிலில் மெஷினுக்கு வக்காலத்து வாங்கினேன். எங்கள் பெட்டியில் அறிவியல் செய்தி என்றால் அல்வா. நிலாவில் தண்ணீர், மூளைக்குள் சிப், கம்ப்யூட்டர் எழுதின தீர்ப்பு, எது வந்தாலும் மாலூர் தாண்டுவதற்குள் முடிவு சொல்லிவிடுவோம். கன்டோன்மெண்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற எலிசபெத் டீச்சர்தான் நடுவர்.

"மெஷினுக்கு ஜாதி தெரியாது, மதம் தெரியாது, நீ எந்த ஊருன்னு தெரியாது. வந்தியா வந்தே, அவ்ளோதான். இதைவிட இன்னா நியாயம் வேணும்?" என்று நான் கேட்டேன்.

"என் மூஞ்சிய எடுக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கணும் இல்ல?" என்றான் ஜெயவேலு. அவன் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டான், போட்டால் ஒரு காப்பி வாங்காமல் விடமாட்டான். புத்த விகாரில் செயலாளர்.

"அதான் சம்மதம்னு ஃபாரத்துல கையெழுத்து வாங்கினோமே."

"போடலன்னா வேலை கெடயாதுன்னு சொல்லிட்டு வாங்கறதுக்குப் பேரு சம்மதமா? சும்னே பேசாதே."

வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு சண்டை போட்ட ஜெயவேலுவை மெஷின் ஒரு நொடியில் கண்டுகொண்டது. தினமும் தேங்க் யூ. அதைச் சொல்லி அவனைச் சிரித்தே கொன்றோம்.

முகங்களைப் பதிவு செய்தவன் நான்தான். தவக்காலத்தின் ஐந்தாவது வாரத்தில் அவசர அவசரமாக முடித்தேன். ஈஸ்டருக்கு முன்னால் வருகிற அந்த நாற்பது நாளும் எங்கள் ஆட்கள் சிலர் கறி தொடமாட்டார்கள், சவரம் செய்யமாட்டார்கள். கம்பெனியில் அப்படி இரண்டு பேர், நானும் பால்ராஜும். எங்கள் இருவர் முகமும் மெஷினுக்குள் முழுத் தாடியோடு போய்விட்டது. பதிவு அன்றாடத் தோற்றத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி. எல்லாருக்கும் அப்படித்தான் எடுத்தேன் என்று கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். தாடியில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில், புதன்கிழமை, மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. தாடி எடுத்தவர்கள், புதிதாக வைத்தவர்கள் முகத்தை மறுபடி பதிவு செய்ய வேண்டியிருக்கலாம் என்று இரண்டு வரி. படித்தேன். மறுபடி பதிவு செய்ய எச்.ஆர். பாஸ்வேர்டு வேண்டும், காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் என் கையெழுத்து சிரிப்பாய்ச் சிரிக்கும். பால்ராஜிடமாவது சொல்லியிருக்கலாம், ஒரு வாரம் சவரம் செய்யாதே என்று. வியாழக்கிழமை ரயிலில் சொல்வோம் என்று இருந்தேன். வாய் வரவில்லை. வெள்ளி லீவு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்த்தபோது அவன் மழமழவென்று சவரம் செய்து, புதுச் சட்டை போட்டு, "ஹேப்பி ஈஸ்டர்ணா" என்று கையைப் பிடித்தான். என் தாடி என் முகத்திலேயே இருந்தது. இதைவிடக் கேவலமாக ஒருவன் நடந்துகொள்ள முடியுமா என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம் குடோன்தான்.

திங்கட்கிழமை மெஷின் அவனிடம் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது. மூன்று தடவை. செக்யூரிட்டி ஷங்கர், "ஆகல்லா, ஸ்வல்ப சைடுக்கு வாப்பா" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொல்லிப் பக்கக் கதவைத் திறந்து, விதிப்படி ஒரு விசிட்டர் பேட்ஜைக் கழுத்தில் மாட்டி உள்ளே விட்டார். ஆறு வருஷமாக அந்தக் கேட்டில் நுழைகிறவன் விசிட்டர் பேட்ஜோடு எட்டு மணி நேரம் மோல்டிங் மெஷினில் நின்றான். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. கம்ப்யூட்டரில் மூன்று நாளும் ஆப்சென்ட். காண்ட்ராக்டரிடம் கேட்டதற்கு, சிஸ்டம் என்ன சொல்லுதோ அதுதான் என்றாராம்.

"டைம் ஆபீஸ்ல நீ இருக்கிற. எனக்கு இன்னா பயம்?" என்றான் என்னிடம்.

"பாக்கறேன்டா" என்றேன்.

வியாழன் காலை ரயிலில் ஜெயவேலு போனைப் பார்த்து ஒரு செய்தி படித்தான். கைகால் விழுந்த ஒருவர் தலைக்குள் வைத்த சிப்பால், நினைத்த மாத்திரத்தில் கம்ப்யூட்டரில் எழுதுகிறாராம்.

"மொதல்ல என் எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு அதை வெச்சு, வாய மூடிக்கினு இருன்னு நெனைக்க வைக்கச் சொல்லுங்க" என்றார் எலிசபெத் டீச்சர்.

வழக்கமாக நான்தான் அதற்கு மேலே இரண்டு போடுவேன். அன்றைக்கு எழுந்து கதவு வரை போனேன், திரும்பி வந்தேன், உட்கார்ந்தேன், கழுத்தைச் சொறிந்தேன்.

"மனுசன் நெனைக்கறதக் கண்டுபிடிக்குது. பால்ராஜ் எதிர்ல வந்து நின்னா யாருன்னு தெரியல" என்றான் ஜெயவேலு. "ஜாதி தெரியாது, மதம் தெரியாதுன்னியே. ஆளையே தெரியலயே அதுக்கு?"

"நான் கிளாஸ்ல பேரு கூப்பிடறதெல்லாம் சும்மா ஒரு வழக்கத்துக்கு" என்றார் டீச்சர். "பெஞ்ச ஒரு பார்வை பார்த்தாலே யாரு வரலன்னு தெரிஞ்சிடும். இந்தப் பெட்டியில தெரியலயா? இவரு டூயிட்டிக்கு வந்தாரான்னு எங்களக் கேட்டா சொல்லிட்டுப் போறோம்."

பால்ராஜ் தாடையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தான். "அண்ணா, ஒருவேளை தாடி எடுத்ததாலயா இருக்குமா?"

"சேச்சே. அதெல்லாம் இருக்காது" என்றேன்.

சொல்லி முடித்தபோது டீச்சர் என் தாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கே.ஆர். புரத்தில் இறங்கிக் கம்பெனி வேனில் ஏறும் வரை யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

அன்றைக்குக் காலையும் ட்ரை அகெய்ன். நான்காவது ஆப்சென்ட். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட் பக்கம் ஒரே சிரிப்பு. டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பால்ராஜ் மோல்டிங் மெஷினுக்குப் போடுகிற கறுப்பு கிரீஸை எடுத்துத் தாடை முழுக்கப் பூசிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றிருந்தான். முகத்தை இடது பக்கம் திருப்பிக் காட்டினான், வலது பக்கம் திருப்பிக் காட்டினான். பேக்கிங் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஷங்கர் போனில் படம் எடுத்தார். பால்ராஜும் சிரித்தான். ப்ளீஸ் ட்ரை அகெய்ன். அப்புறம் குழாயடியில் சோப்புப் போட்டு நெடுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தான், கிரீஸ் சீக்கிரத்தில் போகாது. அப்போது அவன் சிரிக்கவில்லை. தோல் சிவந்து போயிருந்தது.

எனக்கு அழுகை வந்தது. ஜன்னலை மூடினேன். ஒரு நிமிஷம்கூட நாற்காலியில் உட்கார முடியவில்லை. கேட்டுக்கு வெளியே போய்ப் பெட்டிக்கடையில் ஒரு ரேசர் வாங்கினேன். என் தாடிக்கு மெஷின் மரியாதையாகத் தேங்க் யூ சொல்லி வெளியே விட்டது, தேங்க் யூ சொல்லி உள்ளே விட்டது. கழிவறையில் கை கழுவுகிற சோப்பை நுரைத்துச் சவரம் செய்தேன். இரண்டு இடத்தில் வெட்டு.

சாயங்காலம் ஐந்தரை. வேனுக்குப் போகிறவர்கள் நாற்பது பேர் வரிசையில். நான் முதல் ஆளாகப் போய் நின்றேன். எனக்குப் பின்னால் எச்.ஆர். மேனேஜர் டெஸ்மண்ட் சார். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். மேலிருந்து கீழ்வரை எல்லாருக்கும் ஒரே கேட், ஒரே மெஷின் என்று ஆர்டர் போட்டவர் அவர்தான், அதை அவரும் மதித்து நடந்தார். அதில் குறை சொல்ல முடியாது.

மெஷின் என்னைப் பார்த்தது. ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.

"ஷேவ் பண்ணிட்டீங்களா சில்வெஸ்டர்? குட். பத்து வயசு கொறஞ்சு போச்சு" என்றார் டெஸ்மண்ட் சார்.

மறுபடி நின்றேன். ட்ரை அகெய்ன். மூன்றாவது தடவையும் அதே. பின்னால் வரிசையில் விசில் அடித்தார்கள். வேன் ஹாரன் அடித்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேன். ஷங்கர் சைடுல விடுவாரு. எனக்கு டைம் ஆச்சு."

நான் நகரவில்லை. "சார், நான் யாரு?"

"வாட் இஸ் திஸ்?"

"பதினோரு வருஷமா பாக்கறீங்க. சொல்லுங்க சார்."

"சில்வெஸ்டர். டைம் ஆபீஸ் சில்வெஸ்டர். இன்னா ஆச்சு உங்களுக்கு?"

"மெஷின் கணக்குப்படி நான் இன்னும் வெளிய போகல சார். ராத்திரி முழுக்க உள்ளதான் இருப்பேன். நாளைக்குக் காலைல வந்தா ஆப்சென்ட். அங்க கழுத்துல விசிட்டர் பேட்ஜ் மாட்டிக்கினு நிக்கறானே பால்ராஜ், அவன் நாலு நாளா உள்ள வேலை செய்யறான், மெஷின் கணக்குல வரவே இல்ல. ரெண்டு பேரையும் தாடியோட எடுத்தது நான். சாதாரணமா இருக்கற மூஞ்சின்னு கையெழுத்துப் போட்டதும் நான். அவன் ஈஸ்டருக்குத் தாடி எடுத்தான்."

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

இந்தக் கேள்வி வராமலிருக்க வேண்டும் என்றுதான் மதியத்திலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன்.

"பெரிய வெள்ளிக்கு ரெண்டு நாள் முன்னாடியே மெயில் வந்திச்சு சார். தெரிஞ்சுதான் நான் என் தாடிய எடுக்கல."

விசில் நின்றுவிட்டது. வரிசையில் பத்தாவது ஆளாகவோ என்னவோ பால்ராஜ் நின்றிருந்தான். அவன் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பாமலே அவன் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

டெஸ்மண்ட் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவரும் என்னைப் போல அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம்தான் மாட்டிக்கொண்டிருந்தார். மோல்டிங் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "பால்ராஜ் திங்கட்கிழமையிலேருந்து ஷிப்ட்ல இருந்தானா?" என்று கேட்டார். "நாலு நாளும் இருந்தான் சார்" என்றார் அவர். அவரை யாரும் அதுவரை கேட்கவில்லை.

என் மேஜை டிராயரிலிருந்து பழைய ரெஜிஸ்டரை எடுத்துவரச் சொன்னார். தூசி தட்டி, கேட்டில் நின்றபடியே, நான்கு நாளையும் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மடிக்கணினியைத் திறந்து, அங்கேயே பால்ராஜின் முகத்தையும் என் முகத்தையும் மறுபடி எடுக்க வைத்தார்.

"காப்பி ஒண்ணு குடுங்க சார்" என்றான் ஜெயவேலு வரிசையிலிருந்து. அவர் முறைத்தார். ஆனால் ரெஜிஸ்டரைப் போனில் படம் எடுக்க விட்டார்.

"சில்வெஸ்டர், மெமோ நாளைக்கு வரும். குடோன் இன்சார்ஜைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பால்ராஜ் கழுத்திலிருந்த பேட்ஜைக் கழற்றி ஷங்கரிடம் கொடுத்தான். மெஷின் முன்னால் நின்றான். தேங்க் யூ என்றது. வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். திரும்புகிற ரயிலில் அவனை நான் பார்க்கவில்லை.

இரவெல்லாம் புரண்டேன். அவன் வேலை தப்பித்தது, இன்னும் இரண்டு நாள்தான், வந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனாலும் தூக்கம் வரவில்லை. வேண்டுதல் முடிந்ததா என்று லீனா கேட்டாள். மனைவியிடமும் அதே பொய்யைத்தான் சொல்லி வைத்திருந்தேன். முடிந்தது என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை உரிகத்தில் மூன்றாவது பெட்டியில் ஏறினேன். ஜன்னலோரம் நீலக் கட்டம் போட்ட துண்டு கிடந்தது. பக்கத்தில் பால்ராஜ் இல்லை.

"எடம் போட்டுட்டு அடுத்த பெட்டிக்குப் போய்ட்டான்" என்றான் ஜெயவேலு. அவன் போனைக் கையில் வைத்திருந்தான், ஆனால் செய்தி எதுவும் படிக்கவில்லை.

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்த மாதிரியே இல்லை. பங்காருப்பேட்டையில் ரயில் கொஞ்ச நேரம் நிற்கும். இறங்கி ஓடி நான்காவது பெட்டியில் ஏறினேன். பால்ராஜ் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் தாடையில் சிவப்பு இன்னும் போகவில்லை. ரயிலில் பேச வேண்டும் என்று ராத்திரி முழுக்க ஒரு பெரிய பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். துண்டை மட்டும் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டான். உதறி, தோளில் போட்டுக்கொண்டான்.

"நாளைக்கும் எடம் போட்டு வைக்கிறேன் சார்" என்றான். "வண்டி எடுக்கப் போறான். போய் உக்காருங்க."